கிராமியின் தனிப்பந்தி

அமெரிக்காவின் கிராமி இசை விருதுகள் 1959இல் தொடங்கின. கறுப்பின மக்கள் உருவாக்கிய ரிதம் அண்ட் ப்ளூஸுக்கு அப்போதே தனிப்பிரிவு வைத்தார்கள். அதன் முதல் விருதை வாங்கியது யார் தெரியுமா? 'டக்கீலா' பாடலுக்காக, கறுப்பர் அல்லாத 'தி சாம்ப்ஸ்' குழு!

ராப்புக்கு 1989 வரை விருதே இல்லை. கொடுத்தபோதும் அதைத் தொலைக்காட்சியில் காட்ட மறுத்தார்கள். வென்ற டிஜே ஜாஸி ஜெஃப்பும் வில் ஸ்மித்தும் விழாவையே புறக்கணித்தார்கள். இதை வெறும் நேரப் பற்றாக்குறை என்று சாதியை ஆய்வு செய்யும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

பியான்சேவைப் பாருங்கள். 2023இல் 32 விருதுகளோடு கிராமி வரலாற்றிலேயே முதலிடம். பெரும்பாலானவை ஆர் அண்ட் பி போன்ற பிரிவுகளில் வந்தவை. 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' மட்டும் நான்கு முறை கைநழுவி, 2025இல்தான் கிடைத்தது. அதுவும் வெள்ளையர் தங்கள் சொத்தாகக் கருதும் கண்ட்ரி இசையில் அவர் இறங்கிய பிறகு!

தகுதி பார்த்துத்தானே கொடுக்கிறார்கள் என்பார்கள். இடஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் கேட்டுப் புளித்த சொல். அளவுகோல் யார் கையில் இருக்கிறது, தோழர்களே?

2020இல் சிறந்த ராப் ஆல்பம் விருதை வென்ற கையோடு டைலர் தி கிரியேட்டர், 'அர்பன்' என்ற பிரிவுப்பெயரே இனவசையின் நாகரிக வடிவம் என்று சாடினார். சில மாதங்களில் 'அர்பன் கன்டெம்பரரி' பிரிவை 'ப்ரோக்ரெசிவ் ஆர் அண்ட் பி' ஆக்கினார்கள். பெயர்தான் மாறியது, தனிப்பிரிவு இன்றும் இருக்கிறது.