காய்ந்தது வேறு! இறுகியது வேறு!

விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு நூலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

பொதிகை மலையடிவாரத்தில் இருக்கும் இந்த ஊர், நூலால் வளர்ந்த ஊர். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பு ஆலை தொடங்கினார்கள். தாமிரபரணி இறங்கி ஓடும் வேகத்தைக் கொண்டே எந்திரங்களை ஓட்டினார்கள். பிற்காலத்தில் அது மதுரா கோட்ஸ் ஆலை ஆயிற்று. தாத்தா, மகன், பேரன் என்று வழிவழியாக ஆலை வேலைக்குப் போன குடும்பங்கள் இங்கே உண்டு.

அந்த நூலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. மீன் பிடிக்கும் தூண்டில் கம்பில் அது கட்டாக நிற்கிறது.

மூங்கில் கம்பின் நுனியில் நரம்பைக் கட்டி ஆற்றில் போடுவது பழைய முறை. இப்போது கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் கம்புகள் வருகின்றன. கம்பின் நெடுகச் சிறு சிறு வளையங்கள் இருக்கும். அவற்றின் வழியாகத்தான் நரம்பு ஓடும். இந்த வளையங்களை ஆணி அடித்துப் பொருத்த முடியாது. துளை போட்டால் கம்பு அந்த இடத்திலேயே ஒடியும். ஆகவே வளையத்தின் காலைக் கம்போடு சேர்த்து வைத்து, மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். அந்த நூல்கட்டு அவிழாமலும் நனையாமலும் இருக்க, மேலே பூசுவதுதான் எபாக்சி.

(பாபநாசம் கோயில் படித்துறை மீன்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவற்றுக்குக் கிடைப்பது பொரிதான்!)

தூண்டில் கம்பு செய்வது இந்த ஊர்த் தொழில் அல்ல. ஆனால் வளையமும் நூலும் வாங்கித் தாங்களே கம்பு கட்டிக்கொள்ளும் ஆர்வக்காரர்கள் தமிழ்நாட்டில் இன்று உண்டு. எபாக்சியோ, தூண்டிலோடு நின்றுவிடவில்லை. தரை, மேஜை, நகை, பொம்மை என்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

இரண்டு சீசா

எபாக்சி என்பது ஒரே மருந்து அல்ல, இரண்டு. ஒரு சீசாவில் பிசின். மற்றொன்றில் அதை இறுக்கும் ஹார்டனர். 1930-களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் காஸ்டன் என்பவர், பல் வைத்தியத்துக்கு உதவும் பொருள் ஒன்றைத் தேடியபோது இந்த வகைப் பிசினைக் கண்டார். 1946-ல் அது 'அரால்டைட்' என்ற பெயரில் ஒட்டும் பசையாக வெளிவந்தது. அந்தப் பெயரை அறியாத தச்சர் இன்று யார்?

தூண்டில் கம்புக்கு விற்கும் எபாக்சி பெரும்பாலும் சரிபாதிக் கலவை. இதிலும் ஒரு பங்கு, அதிலும் ஒரு பங்கு. 'ஹார்டனரைக் கொஞ்சம் கூட விட்டால் சீக்கிரம் இறுகும்' என்று நினைப்பவர்கள் பலர். அது தவறு. பிசினும் ஹார்டனரும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துத்தான் கல் போல் ஆகின்றன. ஒன்று மிகுந்தால், ஜோடி கிடைக்காதது அப்படியே தங்கிவிடும். பூச்சு ஒரு மாதம் ஆனாலும் பிசுபிசுக்கும்.

பதமும் காலத்தைப் பொறுத்தது. தோசை மாவைப் பாருங்கள். சித்திரையில் சீக்கிரம் பொங்குகிறது. ஆனி, ஆடிச் சாரலில் சோம்பிக் கிடக்கிறது. எபாக்சியும் அப்படியே. வெயில் நாளில் கிண்ணத்திலேயே சூடேறி இறுகத் தொடங்கும். அதனால் கலந்தவுடன் அகலமான தட்டில் பரப்பிவிடுவது நல்லது. சாரல் காற்றிலோ மெதுவாக இறுகும். ஈரம் பட்டால் மேலே மெழுகு போல் மங்கல் படரும்.

பூசிய கம்பைச் சும்மா சாய்த்து வைக்கவும் கூடாது. பாகு ஒரு பக்கமாக வழிந்து தொங்கும். சிறு மோட்டாரில் பொருத்தி, பல மணி நேரம் மெல்லச் சுழல விடுகிறார்கள். ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது. ஆனால் முழுதாக இறுகச் சில நாட்கள் வேண்டும்.

இங்கேதான் மக்கள் ஏமாறுகிறார்கள். கண்ணாடி போல் மின்னுகிறதே, முடிந்தது என்று எண்ணுகிறார்கள்.

அம்பாசமுத்திரம் சொப்பு

பக்கத்திலேயே அம்பாசமுத்திரம் இருக்கிறது. மரச் சொப்புக்குப் பேர்போன ஊர். கடைசலில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகிப் படியும். ஆறியதும் இறுகும். மறுபடி சூடு காட்டினால் மறுபடி உருகும். எபாக்சி அப்படி அல்ல. அது வெந்த முட்டை. பழைய நிலைக்குத் திரும்பாது. அரைவேக்காட்டிலே நின்றுபோனால், அந்தக் கோளாறும் அதிலேயே இருக்கும்.

சொப்பை வாங்கிய குழந்தை முதலில் செய்யும் காரியம் என்ன? வாயில் வைப்பதுதான்! ஆகவே மினுக்கு வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளின் சாமானில் எபாக்சியை வீட்டிலேயே பூசிப் பார்ப்பது வேண்டாத வேலை. முழுதாக இறுகிய எபாக்சி பெரிய ஆபத்தில்லை. ஆனால் முழுதாக இறுகிவிட்டது என்று அடுக்களையில் நின்று யார் உறுதி சொல்வது? சொப்புக்கு அரக்கு போதும். எபாக்சி கம்புக்கு இருக்கட்டும்.

யார் படிப்பது?

இன்னொரு சங்கதி இதைவிடப் பெரியது. இறுகாத எபாக்சி வெறும் கையில் பட்டுக்கொண்டே இருந்தால், சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும், கொப்புளிக்கும். ஒருமுறை உடம்புக்கு அது ஒவ்வாமல் போனால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அப்படியேதான். பிறகு துளி பட்டாலும் அரிப்பு வரும். கைத்தொழிலே தெரிந்தவருக்கு அந்தத் தொழிலே போய்விடும்.

'தொழில்காரன் பட்டுத் தெரிந்துகொள்வான்' என்று சொல்வாருண்டு. சுத்தியல் விரலில் பட்டால் ஆறும். இதில் பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பயன் என்ன?

எச்சரிக்கை பெட்டியிலேயே இருக்கிறது. பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். தமிழ்நாட்டுக் கடைகளில் விற்று, தமிழரிடம் காசு வாங்கும் பொருளில் நாலு வரி தமிழில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? எத்தனை பங்கு கலப்பது, எத்தனை நாள் காத்திருப்பது, கையுறை போடுவது, குழந்தைக்கு எட்டாமல் வைப்பது: இந்த நாலு வரிதான். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய அம்மாவும் அதைப் படித்துவிடுவார். சட்டம் போட்டாவது இதைச் செய்ய வைக்க வேண்டும்.

கையுறை நைட்ரைல் ரகமாக இருப்பது நல்லது. சன்னல் திறந்திருக்கட்டும். கையில் பட்டால் தின்னர் ஊற்றித் துடைக்க வேண்டாம். அது பிசினைத் தோலுக்குள் இழுத்துச் செல்லும். சோப்பும் தண்ணீரும் போதும்.

கலந்த கிண்ணத்தில் மிஞ்சியதை உடனே எறிந்துவிடாமல், கம்பின் பக்கத்திலேயே வைத்திருங்கள். நான்கு நாள் கழித்து, ஒரு குச்சி முனையால் அழுத்திப் பாருங்கள். தடம் பதிந்தால், கம்பு இன்னும் ஆற்றுக்குப் போக வேண்டாம்.