அழுத்தம் அறியாத ஆங்கிலம்

ஆங்கிலமே இந்நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் 1987 இல் எழுதி வைத்தது. ஏட்டில் எழுதிய அவ்விணைப்பு எமது கிராமத்துப் பிள்ளையின் நாவுக்கு இன்னும் எட்டியபாடில்லை. ஆண்டுக்கணக்காக ஆங்கிலம் கற்றுச் சித்தியும் பெற்ற இளைஞன் ஒருவன் நேர்முகப் பரீட்சைக்குச் செல்கிறான். அவன் வாய் திறந்ததும் எதிரில் இருப்போர் முகஞ் சுளிக்கின்றனர். அவன் இலக்கணத்திற் பிழையில்லை, சொல்வளத்திலும் குறைவில்லை. பின் குறை யாது? சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதை அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. குறை அதுவே.

சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என அழைப்பர். பொருத்தமான பெயர்தான். தமிழ்ப் பிள்ளையாயினும் சிங்களப் பிள்ளையாயினும், வசதியற்ற வீட்டிற் பிறந்தவனை அவ்வாள் ஒன்றுபோலவே வெட்டுகிறது. அதன் கூர்முனை உச்சரிப்பே.

ஆங்கிலச் சொல்லில் அசைகள் யாவும் சமமல்ல. ஓரசை உரத்தும் நீண்டும் ஒலிக்கும்; ஏனையவை ஒடுங்கும்; அவற்றின் உயிரொலி மங்கும். 'பொலிற்றிக்ஸ்' என்பதில் முதலசை அழுத்தம் பெறும். 'பொலிற்றிக்கல்' என்றால் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகரும். 'பொலிற்றிஷன்' என்றாலோ மூன்றாம் அசைக்குத் தாவும். அரசியல்வாதியின் கொள்கை போல் இதுவும் இடம் மாறுகிறதே என வாசகர் நகைக்கலாம். ஆனால் இம்மாற்றத்துக்கு ஒரு நியதி உண்டு. 'ஷன்' என முடியும் சொற்களில் அம்முடிவுக்கு முந்திய அசையே அழுத்தம் பெறும். 'எடியுக்கேஷன்' என்பதிற் 'கே' அவ்வாறு நிற்கிறது. 'இக்' என முடிவனவும் பெரும்பாலும் இவ்வழியே செல்லும். பொலிற்றிக்ஸ் போன்ற சில விலக்காகும். 'றெக்கோட்' என்ற சொல் பெயராகும்போது முதலசையிலும், வினையாகும்போது இரண்டாம் அசையிலும் அழுத்தம் கொள்ளும். எழுத்து ஒன்றே, ஓசை வேறு, பொருளும் வேறு.

இந்நுட்பம் தமிழன் நாவுக்குப் புகாது என்பாரும் உளர். தமிழில் பொருளைப் பிரிப்பது குறில் நெடில் வேறுபாடு. படம் வேறு, பாடம் வேறு. அப்பழக்கத்தால் எமது பிள்ளைகள் ஆங்கில அசை ஒவ்வொன்றுக்கும் முழு நிறை கொடுக்கின்றனர். இஃது இயல்பேயன்றி மடமையன்று. எனினும் ஓசை வேறுபாட்டை எம் முன்னோர் அறியாதவரல்லர். எடுத்தல், படுத்தல், நலிதல் என்று நன்னூல் அதனைப் பேசுகிறது. வினைமுற்று, படுத்தலோசையாற் பெயராகும் என்று உரையாசிரியர் விளக்குவர். குற்றியலுகரம் அரை மாத்திரையாய்க் குறுகுவதைக் கற்ற மாணவனுக்கு, ஆங்கில உயிரொலி ஒடுங்குவதை விளங்கிக்கொள்வது அரிதாகுமா? தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருநாள் கூடியிருந்து பேசினால் பாதி வேலை முடிந்துவிடும்.

"வெள்ளையனின் நாவை நாம் ஏன் இரவல் வாங்க வேண்டும்?" என்று சிலர் வினவுவர். வாங்க வேண்டா என்பதே எமது விடையும். ஸ்கொத்லாந்தரும் ஐரிஷ் மக்களும் அமெரிக்கரும் தத்தம் தொனியிலேயே ஆங்கிலம் பேசுகின்றனர். எவரும் அதற்கு நாணுவதில்லை. நாமும் எம் தொனியிற் பேசுவோம். ஆனால் 'எடியுக்கேஷன்' என்பதில் எந்த அசையை அழுத்துவது என்பதில் அவர்களுக்குள் பிணக்கில்லை. 'கராஜ்' போன்ற சில சொற்களிலேயே பிரித்தானியரும் அமெரிக்கரும் மாறுபடுவர். தொனி பேசுவோனுக்கு உரியது. அழுத்தமோ சொல்லுக்கு உரியது. எழுத்துக் கூட்டலைப் போல அதுவும் சொல்லின் ஓர் உறுப்பு. உறுப்புக் குன்றிய சொல்லைக் கேட்போன் தடுமாறுவது இயல்பே.

கொழும்பிலே வசதியான வீட்டுப் பிள்ளை இதனைத் தாயின் வாயிலிருந்தே கேட்டுக்கொள்கிறது. வன்னியிலும் படுவான்கரையிலும் மலைநாட்டு லயத்திலும் வளரும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு எங்கே? பள்ளிக்கூடம் கொடாவிட்டால் வேறு யார் கொடுப்பார்?

இதற்குக் கோடிக்கணக்கிற் பணம் வேண்டியதில்லை. புதிய சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அழுத்தம் பெறும் அசையின் கீழ் ஒரு கோடிடட்டும். பிள்ளைகள் கைதட்டி அவ்வசையை உரத்துச் சொல்லட்டும். 1917 இல் டானியல் ஜோன்ஸ் தமது உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். இன்றைய மாணவர் அகராதிகளில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னே மேலாக ஒரு சிறு கோடு நிற்கும். அக்கோடு எதற்கு என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? ஆசிரியர் பயிற்சியிலும் இப்பாடம் உரிய இடம் பெறுதல் வேண்டும். ஆசிரியரே அறியாததை மாணவரிடம் எதிர்பார்ப்பது நீதியாகாது.

வாள் சிலர் கையில் மாத்திரம் இருக்கும்வரை பலர் தலைகுனிந்தே நிற்பர். அதை உருக்கி எல்லார் கைக்கும் ஏற்ற கருவியாக்குவது கல்வியின் கடன். அப்பணி ஒரு சிறு கோட்டின் விளக்கத்தோடு நாளையே தொடங்கட்டும்.