கர்ல் தெரியாமல் ஏபிஐ எதற்கு?

புராஜெக்ட் செய்யும் கல்லூரி மாணவர்கள் பலர், வெப் ஏபிஐ என்றதுமே ஒரு லைப்ரரியைத் தேடி இறக்கிக் கொள்கிறார்கள். நாலு வரி கோடு எழுதுகிறார்கள். பதில் வந்துவிட்டால் சந்தோஷம். வராவிட்டால்...? தவறு தன் கோடிலா, லைப்ரரியிலா, சர்வரிலா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க விழிக்கிறார்கள்.

இதற்கான மருந்து ஷெல்லின் கறுப்புத் திரையிலேயே இருக்கிறது. அதன் பெயர் கர்ல்.

அரட்டை அறை நண்பர்களுக்கு நாணய மாற்று விகிதம் சொல்ல ஒரு சிறு நிரல் வேண்டும் என்று நினைத்தார் சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க். அதற்காக எச்டிடிபிகெட் என்ற குட்டி நிரலை எடுத்து வளர்த்தார். அதுதான் 1998 மார்ச்சில் கர்ல் ஆனது. இன்று மேக்கில் கூடவே வருகிறது. 2018 முதல் விண்டோஸ் 10லும் வந்துவிட்டது. லினக்ஸில் கேட்கவே வேண்டாம்.

ஏபிஐக்கு அனுப்பும் கோரிக்கை ஒன்றும் மாயமில்லை. எச்டிடிபி 1.1ல் அது வெறும் எழுத்துதான். முதல் வரியில் கெட், போஸ்ட் போன்ற ஒரு சொல்லும் பாதையும். அடுத்து ஹெடர்கள். பிறகு ஒரு வெற்று வரி. தேவையானால் அதன் கீழே தரவு. கர்லின் 'வி' ஆப்ஷனைப் போட்டால் போன ஹெடர்களும் வந்த ஹெடர்களும் அப்படியே திரையில் தெரியும்.

ஓர் உதாரணம். 'டி' ஆப்ஷனில் ஜேசன் தரவை அனுப்பினால், கர்ல் அதை வெப் படிவத் தரவு என்று சொல்லித்தான் அனுப்பும். ஜேசன் மட்டும் ஏற்கும் சர்வர் அதை மறுத்துவிடும். ஹெடரில் வகையை மாற்றினால் வேலை முடிந்தது. (2022ல் வந்த 7.82 பதிப்பில் இதற்கென்றே 'ஜேசன்' என்று தனி ஆப்ஷன் உண்டு.) ஒருமுறை இப்படி அடிபட்டவன் கன்டென்ட் டைப் என்றால் என்ன என்பதை ஆயுசுக்கும் மறக்க மாட்டான். லைப்ரரி இதைச் சத்தமில்லாமல் செய்துவிடுவதால், அதை மட்டுமே நம்பியவனுக்கு இந்தப் பாடம் கிடைப்பதே இல்லை.

பட்டன்களை அழுத்திக் கோரிக்கை அனுப்பும் மென்பொருள்கள் சுலபம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கர்ல் கட்டளை ஒரே வரி. நண்பனுக்கு மெயிலில் அனுப்பலாம், ஸ்கிரிப்டில் போட்டு தினமும் ஓட்டலாம்.

கர்லிலும் கண்ணிகள் உண்டு. சர்வர் 404 என்றோ 500 என்றோ சொன்னாலும், கர்ல் வெற்றி என்றே ஷெல்லுக்குச் சொல்லும்! பதில் வந்து சேர்ந்ததா என்பதுதான் அதன் கணக்கு. பதில் நல்லதா என்பதல்ல. 'ஃபெயில்' என்ற ஆப்ஷனைச் சேர்க்காத ஸ்கிரிப்ட், பிழைச் செய்தியையே தரவு என்று நம்பிச் சேமித்து வைக்கும். இன்னொன்று, ரகசியச் சாவியைக் கட்டளையிலேயே தட்டச்சு செய்தால் அது ஷெல்லின் ஹிஸ்டரியில் தங்கிவிடும். லேப் கணினியில் அடுத்து உட்காருபவர் எடுத்துக் கொள்ளலாம்.

ஆனால் இந்தக் கண்ணிகள்கூடப் பாடங்கள்தான். லைப்ரரி வேண்டாம் என்பதல்ல வாதம். முதல் கோரிக்கையையாவது ஒரு மாணவன் தன் கையால் எழுதி அனுப்பட்டும். அப்புறம் லைப்ரரி எது பிடிக்கிறதோ எடுத்துக் கொள்ளட்டும். அது உடையும் நாளில், எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.