சளி மாத்திரையும் மூளையும்

மூக்கு ஒழுகினால் மருந்துக் கடையில் "சளிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்குவது நம் புதுச்சேரியில் பலருக்கும் உள்ள பழக்கம். எழுபதைத் தாண்டியவர்கள் இதை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. காரணம் மூளையில் இருக்கிறது.

1885-இல் ஜெர்மானியரான பால் எர்லிக் பிராணிகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகள் நிறம் மாறின, மூளை மாறவில்லை. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் சந்து இல்லாமல் ஒட்டியிருக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. உள்ளே போகவேண்டிய பொருள் அந்தச் செல்லின் ஊடாகத்தான் போகவேண்டும். செல்லைச் சுற்றிய சவ்வோ கொழுப்பால் ஆனது. தண்ணீரில் கரையும் சர்க்கரைக்குத் தனி வாசல் உண்டு. கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறுக்கு வாசலே வேண்டாம். சவ்விலேயே கரைந்து அந்தப் பக்கம் போய்விடும்.

பல சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமின் அந்த ரகம். இந்த இனத்து முதல் மருந்தை 1937-இல் பாரீஸ் பாஸ்தர் நிறுவனத்தில் கண்டுபிடித்தவர் தானியேல் பொவே. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. ஆனால் மருந்து மூக்கோடு நிற்பதில்லை. மூளைக்குள் போய், நம்மை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கிறது. நினைவுக்கு வேண்டிய அசிடைல்கோலினையும் தடுக்கிறது. வாலிபனுக்கு ஒரு கொட்டாவியோடு போகும். நமக்கு நாக்கு வறளும், சிறுநீர் அடைக்கும், புத்தி குழம்பும், ராத்திரி எழுந்தால் தள்ளாடும். வீட்டில் "தாத்தாவுக்கு வயசாயிடுச்சு" என்று முடித்துவிடுவார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், முதியோர் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது.

ஒவ்வாமைக்குப் பிறகு வந்த பெக்ஸோபெனடின் போன்றவை அநேகமாக மூளைக்குள் போவதில்லை. சவ்விலுள்ள ஒரு பம்பு அவற்றை ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது.

குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நாலு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று அட்டையில் அச்சிட 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. நல்லது. பேரனுக்கு ஒரு வரி போட்டவர்கள் தாத்தாவுக்கும் ஒரு வரி போடட்டும். தமிழில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில். கோப்பு எழுதியே ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், அதற்கு ஒரு குறிப்பும் ஒரு கையெழுத்தும் போதும்.

அதுவரை கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைப் போட்டா தூக்கம் வருமா?" வரும் என்றால் அது மூளைக்குள் போகிறது என்று அர்த்தம். வாங்காமல் டாக்டரைப் பாருங்கள்.