விசாரிக்காமல் லினக்ஸுக்குத் தண்டனையா?

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, குடும்பப் போட்டோக்கள், பாட்டுகள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்க ஒரு ஹோம் சர்வர்! பல மாணவர்களுக்கு இந்த ஆசை உண்டு. மதுரையில் அது கத்திரி வெயிலோடு கருகிவிடுகிறது. சர்வர் வாரம் இரண்டு தடவை தானாக அணைகிறது. "லினக்ஸ் சரியில்லப்பா" என்று தீர்ப்பு எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடி அணைகிறது. காய்ச்சல்காரனுக்குச் சட்டையை மாற்றிவிடும் வைத்தியம் இது. போதாக்குறைக்குத் தடயமும் அழிந்துபோகிறது.

முதலில் பார்க்க வேண்டியது லாக். 'லாஸ்ட் மைனஸ் எக்ஸ்' கட்டளை, எப்போது முறையாக நிறுத்தப்பட்டது, எப்போது கிராஷ் ஆனது என்று காட்டும். 'ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் ஒன்று' என்றால் போன தடவை ஓடியபோது எழுதியதெல்லாம் வரும். (சில லினக்ஸ்களில் இந்தப் பதிவு மெமரியோடு போய்விடும். ஜர்னல் செட்டிங்கில் ஸ்டோரேஜை 'பெர்சிஸ்டென்ட்' என மாற்றினால் டிஸ்கில் தங்கும்.)

கடைசி வரிகள்தான் முக்கியம். சர்வீஸ்கள் ஒவ்வொன்றாக நின்று, ஒழுங்காக முடிந்திருந்தால் யாரோ அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பவர் பட்டன் அழுத்தப்பட்டதாக இருந்தால், கரண்ட் பில்லுக்குப் பயந்த வீட்டாரை விசாரிக்கலாம்! சூடு எல்லை மீறியதாக இருந்தால் அதுவே பதில். பேச்சு பாதியில் நின்றது போல லாக் அறுந்து கிடந்தால், அநேகமாக லினக்ஸ் குற்றவாளி அல்ல. சந்தேகம் மின்சாரத்தின் மேலும் ஹார்டுவேரின் மேலும்தான் திரும்ப வேண்டும்.

மின்சாரம் என்றால் மின்வெட்டு மட்டுமில்லை. 2012-ல் சென்னைக்கு வெளியே தினமும் 10 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. "எங்க வீட்லதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். ஆனால் கம்ப்யூட்டரின் பவர் சப்ளை, கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி செகண்ட்தான். இன்வெர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்தால், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், சர்வர் மட்டும் செத்துவிடும். பல இன்வெர்ட்டர்களில் 'யுபிஎஸ் மோட்' என்று ஒரு ஸ்விட்ச் உண்டு. அதைத் தட்டினாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

அடுத்தது வெயில். வெளியே 40 டிகிரி, உள்ளே ஃபேனெல்லாம் தூசி, கம்ப்யூட்டரோ மர அலமாரிக்குள். பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதையும் மீறினால் லாக் எழுதக்கூட நேரம் தராமல் தானே அணைந்துவிடும். மத்தியானம் மட்டும் அணைந்து ராத்திரி ஒழுங்காக ஓடினால் இதுதான் காரணமாக இருக்கும். 'சென்சார்ஸ்' கட்டளையில் சூட்டைப் பார்த்து, தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும். அப்புறமும் அணைந்தால் மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர், பழைய பவர் சப்ளை, மெமரி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். பாதியில் கரண்ட் போகும்போது ஃபைல் சிஸ்டத்தை ஜர்னல் காப்பாற்றிவிடும், பாதி எழுதிய போட்டோவைக் காப்பாற்றாது. அக்கா கல்யாண ஆல்பம் போனால் எந்த இன்ஸ்டாலும் திருப்பித் தராது.

சுலபமான வழி ஒன்றும் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் பல வீட்டுப் பரணில் தூங்குகின்றன. பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யுபிஎஸ்! மூடியை மூடினாலும் தூங்காதபடி செட்டிங்கை மாற்றினால் சர்வர் தயார். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் கதை மதுரைக்காரர்களுக்குப் புதிதல்ல. சர்வருக்கும் ஒரு விசாரணை வேண்டாமா?