ஆள் வேண்டாம், அடி மட்டும் போதும்

"ஒலிக்கு ஏதுங்க சாதி?" என்று கேட்டார் அந்த இசையமைப்பாளர். நாட்டார் கலை பற்றிய கருத்தரங்கம். மேடையில் அவர். கதவோரத்தில், நிகழ்ச்சியைத் தொடங்கி வைக்கப் பறையடித்துவிட்டு வேர்வையோடு நின்றுகொண்டிருந்த எங்க ஊர்ப் பசங்க ஆறு பேர். பழைய ஒலிப்பதிவிலிருந்து துண்டு எடுத்துப் புதுப் பாட்டில் சேர்ப்பது உலகம் முழுக்க நடக்கிற சங்கதி, அதற்கு சாம்பிளிங் என்று பெயர், அமெரிக்கக் கறுப்பர்களே அதைத்தானே செய்கிறார்கள், பறையை நாங்கள் எடுத்தால் மட்டும் ஏன் கோபம் வருகிறது என்றார். கை தட்டினார்கள். கேள்வி கேட்க எனக்கு நேரம் தரவில்லை. இங்கே கேட்கிறேன்.

கறுப்பர்களைச் சாட்சிக்கு இழுத்தாரே, அந்தக் கதையை முழுசாகப் பேசுவோம்.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. 1970களில் வீடுகள் எரிந்துகொண்டிருந்த ஏழைப் பகுதி. அங்கே ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் கூல் ஹெர்க், 1973 ஆகஸ்டில் தங்கச்சி நடத்திய விருந்துக்கு இசைத்தட்டு போட்டான். பாட்டில் எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொண்டு டிரம் மட்டும் தனியாகப் பேசுகிற சில விநாடிகளுக்குத்தான் சனம் துள்ளி ஆடுகிறது என்று கண்டுகொண்டவன் அவன். ஒரே தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் ஆரம்பித்து, சில விநாடியைப் பல நிமிடமாக நீட்டினான். 1987இல் எஸ்பி-1200 என்ற பெட்டி வந்தது. மொத்தமே பத்து விநாடி ஒலிதான் அதில் கொள்ளும். இடம் போதவில்லை என்று 33 சுற்றுத் தட்டை 45இல் ஓட விட்டுப் பதிந்து, பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். வாத்தியம் வாங்க வழியில்லாதவர்களின் புத்தி இது. இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

சொன்னது நீதிமன்றம். 1991இல் பிஸ் மார்க்கி என்ற கறுப்பின ராப் பாடகர், கில்பர்ட் ஓ சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் துண்டு எடுத்த வழக்கு. திருட்டைத் தடுக்கும் விவிலியக் கட்டளையைச் சொல்லித்தான் நீதிபதி தீர்ப்பையே தொடங்கினார். கிரிமினல் வழக்கு போடலாமா என்று பார்க்கவும் அரசு வழக்கறிஞருக்கு அனுப்பி வைத்தார். அதன் பிறகு, காசுள்ளவன் அனுமதி வாங்கி எடுத்தான், மற்றவன் பயந்தான்.

சரி, அந்தக் கட்டளை டிரம் அடித்தவனைக் காப்பாற்றியதா?

1969இல் வின்ஸ்டன்ஸ் குழு ஒரு தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்'. தேவாலயப் பாட்டு மெட்டு ஒன்றைத் தழுவிய வாத்திய இசை. (அவர்களும் எடுத்தவர்கள்தான். இசையில் எடுக்காதவன் எவன்?) நடுவில் ஏழு விநாடிக்குள் கிரிகரி கோல்மன் தனியாக டிரம் அடிப்பார். ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்குள் அந்த விநாடிகள் போயிருக்கின்றன. 1990களில் இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று எழுந்த இசைக்கு அதுதான் முதுகெலும்பு. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடில்லாதவராகச் செத்துப்போனார் என்று குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் சொன்னார். 2015இல் இங்கிலாந்து இசைக்காரர்கள் மனம் பொறுக்காமல் 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். அதுவும் ஸ்பென்சருக்குத்தான். அடித்த கை மண்ணுக்குள் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

'ஃபங்கி டிரம்மர்' கதையும் அதே. அடித்தவர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட், படைப்பாளி என்று பெயர் போட்டுக்கொண்டவர் ஜேம்ஸ் பிரவுன். பிரவுனும் கறுப்பர்தான், வறுமையில் வளர்ந்தவர்தான். முதலாளி ஆனால் முதலாளிதான்.

மெட்டுக்கு உரிமை உண்டு. பதிவு நாடாவுக்கு உரிமை உண்டு. அடிக்கு இல்லை. இது அமெரிக்காவின் கோணல் மட்டும் இல்லை. நம்ம ஊர் 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'இசைப்படைப்பு' என்றால் மெட்டு, ஹார்மனி, அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். தாளம் என்ற சொல்லே அந்த வரையறையில் கிடையாது. எழுதி வைத்தவனுக்கே இசை! ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை வைத்தது தொல்காப்பியம் என்று எம்.ஏ. வகுப்பில் எங்களை மனப்பாடம் பண்ண வைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் அந்த வகுப்புக்கு வரவில்லை போல.

1994இல்தான் வரையறையை மாற்றினார்கள். நிகழ்த்துகிற கலைஞருக்கும் உரிமை என்று சேர்த்தார்கள். பாம்பாட்டி பெயர்கூட அந்தப் பட்டியலில் உண்டு. 2012 திருத்தத்தில் வணிகத்துக்குப் பயன்படுத்தினால் ராயல்டி என்றும் வந்தது. எங்க தெருவுக்கு அதை யார் வந்து சொன்னார்கள்?

எங்க தெருவுக்கு 2009இல் வேறு ஆட்கள் வந்தார்கள். காரைத் தெருவுக்குள் விடவில்லை, தோப்பிலேயே நிறுத்திக்கொண்டார்கள். அப்பாவைக் கூப்பிட்டார்கள். பாட்டு வேண்டாம், ஆட்டம் வேண்டாம், ஒவ்வொரு அடியாகப் போடுங்க என்றார்கள். மெல்ல ஒண்ணு, ஓங்கி ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு. தோல் தளர்ந்தால் வைக்கோல் கொளுத்திக் காய்ச்சி மறுபடியும். அரை நாள். ஐந்நூறு ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும். காகிதம் ஏதும் இல்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

நாலு வருஷம் கழித்து ஊர்த் திருவிழா. கோயில் மண்டபத்துக்குள் இன்னிசைக் கச்சேரி. ஒரு பையன் ரிதம் பேடைத் தட்டுகிறான், பறை கேட்கிறது. வெளியே, எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்க நிக்கறோம். அப்பா என் தோளைப் புடிச்சார்.

"டேய், இது என் அடிடா."

"எப்படிப்பா சொல்ற?"

"அன்னிக்கு சிம்புக்குச்சி கீறிப்போயிருந்துச்சு. 'சிர்ர்'னு ஒரு இழுப்பு வருது பாரு. கேளு."

கேட்டேன். வந்தது.

தோல் மாட்டுத்தோல், தீட்டு. அடிக்கிற கை அதைவிடத் தீட்டு. இரண்டையும் உரித்துப் போட்டுவிட்டால் மிஞ்சுவது ஒலி. அது மண்டபத்துக்குள் போகும், கருவறை வாசல்வரைகூடப் போகும். ஆமாம் ஐயா, ஒலிக்குச் சாதி இல்லைதான். சாதியை எங்க உடம்பிலேயே விட்டுவிட்டு ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு போனீர்களே!

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கொளுத்திய ஊர்கள் உண்டு. அதற்காக அடிபட்டவர்கள், வேலை மறுக்கப்பட்டவர்கள் உண்டு. பறை இழிவா, விடுதலையின் கருவியா என்று இதே மாதிரிப் பத்திரிகைகளில் நாம் வருஷக்கணக்காகச் சண்டை போட்டோம். இரண்டு தரப்புக்கும் ஒரு பலம் பொதுவாக இருந்தது: நாங்க இல்லாமல் பறை இல்லை. மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டால் ஊர் திணறும். அந்தப் பலத்தைத்தான் இந்தப் பெட்டி பிடுங்குகிறது. மறுக்க ஆளே வேண்டாம், பொத்தானைத் தட்டினால் போதும்.

போன வருஷம் திரும்பவும் ஒரு ஆள் வந்தார். சாவு அடி, கல்யாண அடி எல்லாம் தனித்தனியா வேணுமாம். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: அடித்தவர் பெயர், பதிந்த தேதி, எந்தப் பாட்டில் சேர்த்தாலும் பெயர் போட வேண்டும், விற்கும் ஒவ்வொரு தடவையும் பங்கு வேண்டும். அவர் நின்றபடியே படித்தார். "இது ஃபோக்குங்க, இதுக்கெல்லாம் ஓனர் கிடையாது" என்றார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். பக்கத்து ஊர்ச் சேரியில் விசாரிச்சிருக்கார்னு கேள்விப்பட்டேன். மறுநாளே சைக்கிள் எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பசங்ககிட்ட அதே தாளுக்கு ஒரு நகல் குடுத்துட்டு வந்தேன்.