கர்ப்பப்பையில் கட்டி என்று சொன்னால்



எங்கள் பேச்சில் ‘கட்டி’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். மாதவிடாயில் உறைந்து விழும் இரத்தமும் கட்டிதான். தொடையில் புறப்படும் சீழ்க்கட்டியும் கட்டிதான். புற்றுநோயின் பெயரை வாயால் சொல்லப் பயந்து அதையும் கட்டி என்றே சொல்லிவிடுகிறோம். ஆகவே ஸ்கான் பார்த்துவிட்டு “கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது” என்று டொக்டர் சொல்லும்போது, அதைக் கேட்கும் பெண் எந்தக் கட்டியை நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்பது அவருக்குத் தெரியாது. வெளியே வரிசை நீளமாக இருக்கும். விளக்கிச் சொல்ல நேரம் போதாது. ரிப்போட்டோ ஆங்கிலத்தில் இருக்கும்.

அந்த ரிப்போட்டில் பெரும்பாலும் எழுதியிருப்பது ‘பைப்ரொயிட்’ என்ற சொல். தமிழில் நார்க்கட்டி என்பார்கள். கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளரும் கட்டி இது. புற்றுநோய் அல்ல. நார்க்கட்டி என்று நினைத்தது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. கடலையளவிலும் இருக்கும், தேங்காயளவிலும் இருக்கும். ஒன்றும் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். பலருக்கு அது இருப்பதே தெரியாமல் காலம் போய்விடும். மாதவிடாய் நின்ற பிறகு பொதுவாகத் தானாகவே சுருங்கும்.

2009 இல் இருபத்தைந்து வயதாக இருந்த பெண்ணுக்கு இன்று நாற்பது கடந்துவிட்டது. முப்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து மாதவிடாய் நிற்கும் வரையான காலத்தில்தான் நார்க்கட்டி அதிகமாகத் தெரியவருகிறது. அதனால்தான் புதுக்குடியிருப்பிலும் சுற்றுக் கிராமங்களிலும் நான் போகும் வீடுகளில் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி வருகிறது. பேச்சோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வரும். “அந்தப் புகையைக் குடிச்சதாலதான் வந்ததோ பிள்ளை? பங்கருக்குள்ள கிடந்ததாலயோ? பாரம் தூக்கினதாலயோ?” கணவரை இழந்த ஓர் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “மனுசன் இல்லாமல் இருக்கிறதால வாறதாம் எண்டு சொல்லினம்” என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

சகோதரிகளே, அந்த நாட்கள் எங்கள் உடம்புகளில் விட்டுப்போன கணக்கு நீளமானது. ஆனால் இந்தக் கட்டியை அந்தக் கணக்கில் எழுத முடியாது. அமெரிக்காவில் 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, ஷெல் சத்தமே கேட்டிராத பெண்களை ஸ்கான் செய்து பார்த்தது. 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் நூற்றுக்கு 80 இற்கு மேற்பட்டோருக்கும் நார்க்கட்டி உருவாகியிருக்கும் என்று கணக்கிட்டது. பெண்ணின் உடம்பில் சுரக்கும் ஓமோன்களே இதை வளர்க்கின்றன. தாய்க்கோ சகோதரிக்கோ இருந்தால் வருவதற்குச் சாத்தியம் கூட. பாரம் தூக்கியதாலோ, சாபத்தாலோ, விதவையாக இருப்பதாலோ இது வருவதில்லை.

இன்னுமொரு சொல்லையும் இங்கே விளக்கவேண்டும். கட்டியோடு பெரிதாகிவிட்ட கர்ப்பப்பையின் அளவை டொக்டர்மார் கிழமைக் கணக்கில் சொல்லும் வழக்கம் இருக்கிறது. “பதினாறு கிழமை அளவு” என்றால், நாலு மாதக் கர்ப்பிணியின் கர்ப்பப்பை எவ்வளவு பெரிதாக இருக்குமோ அவ்வளவு என்று பொருள். அளவுகோல் மட்டுந்தான் அது. ஆனால் பத்துப் பேர் இருக்கும் அறையில் கணவர் இல்லாத ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவர் அதைச் சொன்னால், அவள் ஊருக்குத் திரும்புவதற்கு முன் கதை போய்ச் சேர்ந்துவிடும். அப்படியான கதைக்குப் பயந்து அடுத்த கிளினிக்குக்குப் போகாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். வைத்தியத் துறையில் இருப்பவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்தால், அந்த அளவைச் சென்ரிமீற்றரில் சொல்லுங்கள், மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். கட்டியின் அளவைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். போகும் இரத்தத்தைப் பற்றி ஒருவரும் கவலைப்படுவதில்லை. பெரும்பாலான நார்க்கட்டிகளுக்கு அவசரமில்லை, மாதக்கணக்கில் யோசித்து முடிவெடுக்கலாம். இரத்தப்போக்குக்கு அந்த அவகாசம் கிடையாது. கர்ப்பப்பையின் உட்சுவரை ஒட்டி வளர்ந்த சின்னக் கட்டிகூட ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இரத்தத்தை வெளியேற்றும். வெளிப்புறமாக வளர்ந்த பெரிய கட்டி ஒரு துளியும் கூடுதலாகப் போக்காமல், சிறுநீர்ப்பையை அழுத்திக்கொண்டோ இடுப்பு வலியையும் மலச்சிக்கலையும் தந்துகொண்டோ இருக்கும்.

எவ்வளவு போனால் அதிகம்? நாங்கள் இதை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பேசுவதில்லை, ஆகவே தனக்கு வருவதுதான் வழமை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறோம். ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தால் அதிகம். பத்து ரூபாய்க் குற்றியைவிடப் பெரிதாக உறைந்த இரத்தம் விழுந்தால் அதிகம். இரவில் எழும்பி மாற்றவேண்டி இருந்தால் அதிகம். மணித்தியாலத்துக்கு ஒரு தடவை துணியோ பாட்டோ முழுதாக நனைந்து, அது சில மணித்தியாலம் தொடர்ந்தால் விடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மூச்செடுக்கக் கஷ்டம் இருந்தாலும் அப்படித்தான். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்த பின் சிறு கறை பட்டாலும் உடனே காட்டவேண்டும், அதை நார்க்கட்டியின் கணக்கில் போட்டுவிட்டு இருக்கக்கூடாது.

இரத்தச்சோகை மெதுவாக வந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இற்குக் கீழே போனால் இரத்தச்சோகை, 8 இற்குக் கீழே போனால் கடுமையானது. ஆனால் 7 இல் இருந்துகொண்டும் கிணற்றில் தண்ணீர் அள்ளி, கச்சான் பிடுங்கும் கூலிக்குப் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள். களைப்பு என்பது எங்கள் வாழ்க்கையின் பகுதி என்று நம்பிவிட்டோம். பச்சையரிசி சப்பவேண்டும் போல, ஐஸ் கடிக்கவேண்டும் போல, மண் வாசனைக்கு நாக்கூறுவது போல உங்களுக்கு இருக்கிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் அப்படி வரும். டொக்டரிடம் சொல்லுங்கள்.

இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்குவது எங்கள் வீடுகளில் சாதாரணம். தேத்தண்ணியில் உள்ள சாயம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். தேநீரை ஓரிரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். கல்சியம் குளிசை பாவிப்பவர்கள் அதை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவது குளிசையால்தான், பயம் வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல், சாப்பாட்டோடு எடுக்கலாமா, ஒன்றுவிட்ட நாளில் எடுக்கலாமா என்று கேளுங்கள். ஈரல், மீன், நெத்தலி, பயறு, முருங்கையிலை எல்லாம் நல்லவை. ஆனால் மாதாமாதம் வாளி நிறையப் போகும்போது கீரையால் மட்டும் ஈடுகட்ட முடியாது.

கட்டியைக் கரைக்கும் கசாயம் என்று கைத்தொலைபேசியில் வருகின்றவற்றுக்குக் காசைக் கொட்டாதீர்கள். அப்படிக் கரைந்ததற்கு நம்பத்தக்க சான்று இல்லை. அதைக் குடித்துக்கொண்டு காத்திருக்கும் மாதங்களில் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

சிகிச்சை என்றால் கர்ப்பப்பையை எடுப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். தொந்தரவு தராத கட்டியை ஒன்றும் செய்யாமல், காலத்துக்குக் காலம் ஸ்கான் செய்து பார்த்தாலே போதும். போக்கைக் குறைக்க மாதவிடாய் நாட்களில் மட்டும் எடுக்கும் ட்ரனெக்சமிக் அசிட் குளிசை இருக்கிறது. முன்னர் காலில் இரத்தக்கட்டு வந்தவர்கள் அதை எடுக்கமுன் சொல்லவேண்டும். ஓமோன் குளிசைகளும், ஓமோன் சேர்ந்த லூப்பும் இருக்கின்றன. குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் போட்ட செம்பு லூப் உள்ளவர்கள் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அது போக்கைக் கூட்டக்கூடியது. இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு, திருமணமாகாத பெண்களுக்கு, கட்டியை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையை விட்டுவைக்கும் சத்திரசிகிச்சை உண்டு. அதில் கட்டி மறுபடி வரலாம் என்பது உண்மை. லண்டனில் விக்டர் பொனி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை வளர்த்தெடுத்தார். நார்க்கட்டிக்காகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டுப் பிள்ளையில்லாமல் போன பெண்களில் அவருடைய மனைவியும் ஒருவர்.

எல்லா வழியும் எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. ஆனால் கேட்டால்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியவரும். கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் 82,309 பேரிடம் அரச குழுவொன்று 2019 இல் விசாரித்தபோது, 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் தண்டப்பணம் கட்டவேண்டிய பெண்கள் அவர்கள். வயிற்றுவலி என்று தனியார் வைத்தியரிடம் போனவர்களிடம், எடுக்காவிட்டால் புற்றுநோயாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். 2023 இல் இந்திய உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

எங்கள் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை, ஏற்றும் இரத்தத்தையும் விலைக்கு வாங்கவேண்டியதில்லை. எங்களுடைய பிரச்சினை வேறு. எங்கள் பெண்கள் போவதே இல்லை. போனாலும் இரண்டாம் தடவை போவதில்லை. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதற்கு நான் பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் வீடுகளில் நான் கேட்பது மூன்றுதான்: பஸ்ஸுக்குக் காசு, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, உள்ளே பரிசோதிப்பார்கள் என்ற பயம்.

அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் ஸ்கானைப் பெரும்பாலும் வயிற்றின் மேலாகவே செய்யலாம். நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். பெண்ணுறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கான் கூடத் தெளிவாகத் தெரியும் என்பதற்காகச் சில வேளை சொல்வார்கள். திருமணமாகாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லலாம். பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம். தொடங்கிய பிறகும் “நிற்பாட்டுங்கோ” என்று சொல்லலாம். யுத்தகாலத்திலோ அதற்குப் பிறகோ எவராலும் பலவந்தத்துக்கு உள்ளான ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக் கட்டில் என்ன நினைவைக் கொண்டுவரும் என்பது எனக்குத் தெரியும். காரணம் சொல்லவேண்டியதில்லை. “எனக்குப் பயமாக இருக்கிறது, மெதுவாகச் செய்யுங்கோ” என்றால் போதும்.

உடம்பில் ஷெல் பீஸ் உள்ளவர்களுக்கு ஒன்று. சாதாரண ஸ்கானால் ஆபத்தில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதினால், அது பெரிய காந்தம். பீஸ் இருப்பதைக் கட்டாயம் முதலே சொல்லவேண்டும். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் சொல்லுங்கள், எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள்.

கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், சூலகங்களை விட்டுவைப்பார்களா என்று கேளுங்கள். அவை இருந்தால், மாதவிடாய் நின்றவர்களுக்கு வரும் உடற்சூடும் எலும்புத் தேய்வும் உடனே வராது. எடுத்த பிறகு பெண் பெண்தான். குடும்ப வாழ்க்கையும் ஆறிய பின் வழமைபோல இருக்கும். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது என்பதுதான் எங்களுக்குப் பெரிய சிக்கல். தண்ணீர்க் குடமும் விறகும் பாரந்தான். வயிற்றுப்பாட்டுக்குத் தானே உழைக்கும் பெண் ஆறு கிழமை இருப்பது எப்படி? ஒரு கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் ஒரு அக்காவுக்குச் சீட்டுக் காசை முன்னுக்கு எடுத்துக் கொடுத்தார்கள், தண்ணீருக்கு முறை வைத்தார்கள். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்த அன்றே கதைத்து ஒழுங்கு செய்ததால்தான் அது நடந்தது. பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமும் என்ன உதவி உண்டு என்று முதலே கேட்டுவையுங்கள்.

முதலில் போகவேண்டிய இடம் புதுக்குடியிருப்பு ஆதார வைத்தியசாலை. அங்கிருந்து பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்பினால் மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ, கிளிநொச்சிக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ போகவேண்டிவரும். கிளிநொச்சி வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியோடு பெண்களுக்கான தனிச் சிகிச்சை நிலையம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிறதா என்று அனுப்பும் டொக்டரிடமே கேளுங்கள். போகும்போது கலண்டரில் மூன்று மாதத்துக்கு எந்தெந்த நாள் போனது, எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று கோடு போட்டுக்கொண்டு போங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தத் தாளை நீட்டினால் போதும். பழைய ஸ்கான் ரிப்போட்டையும் பாவிக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள், 35 வயதைத் தாண்டியிருந்தால், சுகவனிதையர் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து எல்லாம் அங்கே பார்ப்பார்கள். தனியே போக ஒருமாதிரி இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் அநேகமாக இன்னும் காட்டியிருக்க மாட்டார்.